தீர்த்தக் கரையும் விடுதிக் கரையும்

கோப்பாய்ச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பி உரும்பிராய், மருதனார்மடம் கடந்து காங்கேசன்துறை வீதியில் ஏறினால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், அதற்கப்பால் கடல். நம் ஊரவருக்குக் கடற்குளிப்பு என்றால் அந்தப் பக்கந்தான். கோப்பாய்க்குக் கிழக்கே கிடப்பது ஆழமற்ற நீரேரி. கைதடிப் பாலத்தில் நின்று காற்று வாங்கலாம், அவ்வளவே.

வடகரைக்கு முன்னோர் வண்டில் கட்டியது உல்லாசத்துக்காக அல்ல, தீர்த்தத்துக்காக. கீரிமுகத்தோடு அலைந்த நகுலமுனிவரும், குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் அங்குள்ள கீரிமலையில் நீராடிக் குணமடைந்ததாக ஐதீகம். சோழ இளவரசியான அவள் நன்றிக்கடனாக எழுப்பிய கோயிலே மாவிட்டபுரம் என்பர். அங்கு வைக்க முருகன் விக்கிரகம் வந்திறங்கிய துறை காங்கேயன் பெயரால் காங்கேசன்துறை ஆயிற்றாம். கதை கிடக்கட்டும். உப்புக் கடலை ஒட்டிய கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவது கண்கண்ட உண்மை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியில் ஓடிக் கரையில் வெளிப்படுகிறது. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தவர்கள் இன்றும் அங்கே கூடுகிறார்கள்.

உலகம் கொண்டாடும் கடற்கரை நகரங்கள் பலவும் நோய் தீர்க்கும் நம்பிக்கையில்தான் தொடங்கின. இத்தாலியின் ரிமினியில் முதல் கடற்குளிப்பு நிலையம் 1843இல் திறக்கப்பட்டபோது, உப்புநீர் மருந்தென்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1861இல் அங்கு ரயில் போனது. நம் காங்கேசன்துறைக்குக் கோச்சி 1902 மார்ச்சில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அது கொழும்புக்குப் போகாத கோச்சி. தெற்கிலிருந்து வந்த பாதையோடு இணைய 1905 ஆகஸ்ட் வரை குடாநாட்டுக்குள்ளேயே ஓடியது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை, 1956இல் யாழ்தேவி ரயில். துறைமுகம், வெளிச்சவீடு, ஆலைச் சங்கு, கடைசி ஸ்டேஷன் என்று அது ஒரு முழு நகரமாயிற்று. கேணிக்கு நீர் கொடுத்த அதே சுண்ணாம்புக் கல்லைத்தான் ஆலையும் தோண்டித் தின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு யுத்தம். ரிமினியும் தப்பவில்லை. 1943, 44 ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தடவை குண்டு விழுந்து நகரின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. 1944 செப்டம்பரில் நேசநாட்டுப் படை நுழைந்தது. சண்டை ஓய்ந்ததும் ஊரவர் திரும்பினார்கள், வீட்டைக் கட்டினார்கள், பலர் வீட்டிலேயே விருந்தினருக்கு அறையும் ஒதுக்கினார்கள். இன்றைய ரிமினியின் பெயர் பெற்ற சிறு விடுதிகளில் பல அப்படிக் குடும்பத் தொழிலாய் வளர்ந்தவை.

இங்கே வரிசை தலைகீழானது. 1990இல் காங்கேசன்துறையும் சுற்றுக் கிராமங்களும் வெறிச்சோடின. ரயில் நின்றது, ஆலை நின்றது, ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 2009இல் யுத்தம் முடிந்தபின் அந்தக் கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி உல்லாசப் பயணிகளை வரவேற்றது. அதே வேளையில் வலிகாமம் வடக்குக் காணிச் சொந்தக்காரர் பலர் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் கிடந்தார்கள். 2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறை வரை மீண்டது. காணிகள் அதற்குப் பின்னும் துண்டு துண்டாகவே விடப்பட்டன. பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் மீனவர் கைக்கு வந்தது 2017இல். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலும் வந்து சேர்ந்தது.

விடுதி வருவதில் எனக்கு மறுப்பில்லை; கடற்கரைக்கு விருந்தாளி வரட்டும். ஆனால் வீட்டுக்காரன் வெளியில் நிற்க விருந்தாளி உள்ளே இருப்பதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்க முடியாது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். 1990க்கு முன் காங்கேசன்துறையிலோ கீரிமலையிலோ எடுத்த படம் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால், அதன் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் நிற்பவர் பெயர்களையும் இப்போதே எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.