புக்மார்க்கும் ரங்கநாதனும்: ஒரு சிறு வரலாறு



ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் கூடினால் இப்போதெல்லாம் வரும் கேள்வி இது: "வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோம், மகன் விட்டுப்போன லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸ், கையில் போன். மூன்றிலும் தனித்தனியாகச் சேர்த்து வைத்த புக்மார்க்குகளை ஒன்றாக்க எந்த மென்பொருள் நல்லது?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் முப்பது ஆண்டுக் கதையைத் தெரிந்துகொண்டால் விடை தானே கிடைக்கும். அதனால் கொஞ்சம் வரலாறு.

1993இல் வந்த மொசைக் பிரவுசரில் பிடித்த பக்கங்களின் முகவரிகளைக் குறித்து வைக்க ஒரு வசதி இருந்தது. அதற்கு 'ஹாட்லிஸ்ட்' என்று பெயர். அடுத்த ஆண்டு வந்த நெட்ஸ்கேப்தான் 'புக்மார்க்' என்ற சொல்லைப் பரப்பியது. அது எல்லா முகவரிகளையும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பில் எழுதி வைத்தது. 1995இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதையே 'ஃபேவரிட்ஸ்' என்றது. ஒவ்வொரு முகவரியையும் தனித்தனிச் சிறு கோப்பாக வைத்தது. ஆக, ஒரு பிரவுசரின் பட்டியல் இன்னொன்றுக்குப் புரியாத தொல்லை தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

அதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பின்னர் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மாடிப்படி ஏறிப் போகும் 'பிரவுசிங் சென்டர்'கள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். இன்று உட்கார்ந்த கம்ப்யூட்டர் நாளை கிடைக்காது. அதில் புக்மார்க் போட்டு என்ன பயன்? முகவரிகளை நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான். பட்டியல் இயந்திரத்தோடு நிற்காமல் ஆளோடு வர வேண்டும் என்ற தேவை இப்படித்தான் எழுந்தது. இன்று 'சிங்க்' என்று சொல்வது இதைத்தான்.

2003இல் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 'டெலிஷியஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார். பட்டியல் இணையத்திலேயே இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் பார்க்கலாம். இன்னொரு புதுமை, ஒரு முகவரியை ஒரே ஃபோல்டரில் அடைக்காமல் அதற்குப் பல 'டேக்'குகள், அதாவது அடையாளச் சொற்கள், கொடுக்கலாம்.

இந்தச் சிக்கலை அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னையில் ஒருவர் யோசித்துவிட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம்தான். ஆனால் அது பேசும் விஷயத்துக்குப் பல முகங்கள். மயிலாப்பூர் தெப்பக்குளம் பற்றிய ஒரு கட்டுரையை எங்கே வைப்பீர்கள்? 'கோயில்' என்ற தலைப்பிலா, 'சென்னை வரலாறு' என்பதிலா, 'நீர்நிலைகள்' என்பதிலா? ரங்கநாதன் பொருளை முகம் முகமாகப் பிரித்து, அவற்றை முக்காற்புள்ளியால் இணைத்து எண் கொடுத்தார். 1933இல் வெளிவந்த அவருடைய 'கோலன் பகுப்பு முறை'க்கு அந்தப் புள்ளியால்தான் அப்பெயர். டேக் என்பது அந்த யோசனைக்குத் தூரத்து உறவு. ஆகவே மென்பொருள் தேடும்போது ஃபோல்டரோடு டேக்கும் தருகிறதா என்று பாருங்கள். இருநூறு முகவரி வரை தெரியாது. இரண்டாயிரம் ஆனால் அருமை புரியும்.

இனிதான் சோகமான பகுதி. டெலிஷியஸை 2005இல் யாகூ வாங்கியது, 2011இல் விற்றது. கைமாறிக் கைமாறி 2017இல் பின்போர்டு என்ற போட்டித் தளத்திடம் போனது. அதன்பின் புதிதாக எதுவும் சேர்க்க முடியவில்லை. லோட்டஸ் 1-2-3 தந்த மிட்ச் கேபோர் தொடங்கிய எக்ஸ்மார்க்ஸ், பல பிரவுசர்களின் புக்மார்க்குகளை ஒன்றாக்கித் தந்தது. நம் கேள்விக்கு நேரான பதில் அதுதான். 2018 மே 1இல் அது மூடப்பட்டது. கூகுளே நடத்திய 'கூகுள் புக்மார்க்ஸ்' 2021 செப்டம்பரில் போனது. மொசில்லாவின் 'பாக்கெட்' 2025 ஜூலையில் நின்றது. சின்ன நிறுவனம், பெரிய நிறுவனம் என்ற பேதமே இல்லை.

இத்தனைக்கும் நடுவே சாகாமல் இருப்பது எது தெரியுமா? நெட்ஸ்கேப் காலத்து அந்த ஹெச்டிஎம்எல் கோப்பு! நெட்ஸ்கேப் போய்ப் பல வருடம் ஆகியும், இன்று குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் வருவது அந்த வடிவம்தான். அலமாரி செய்த தச்சர் கடையை மூடினால் நூலகம் மூடிவிடுமா? பட்டியல் நம் கையில் இருந்தால் மூடாது.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. முதலாவது, பட்டியல் முழுவதையும் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? இரண்டாவது, வெவ்வேறு பிரவுசர்களுக்கு இடையே வேலை செய்யுமா? குரோமின் சிங்க் குரோம்களுக்குள் மட்டும்தான்; ஃபயர்பாக்ஸுக்கும் அப்படியே. சென்னையைச் சேர்ந்த ஜோஹோ 2023இல் வெளியிட்ட 'உலா' பிரவுசரின் சிங்க்கும் உலாக்களுக்குள்தான். எல்லாக் கருவியிலும் ஒரே பிரவுசர் வைத்துக்கொள்ள முடிந்தால் வேறு மென்பொருளே வேண்டாம். முடியாதவர்களுக்கு ரெயின்டிராப், ஃப்ளோக்கஸ் போன்றவை உண்டு. மூன்றாவது, டேக் உண்டா?

ஓர் எச்சரிக்கை. சிங்க் என்பது பாதுகாப்புப் பிரதி ஆகாது. பேரன் போனில் ஒரு ஃபோல்டரை அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழிந்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். முகவரி இருந்தாலும் பக்கம் மறைந்துபோவதும் உண்டு. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கே இருந்த எத்தனையோ பேரின் பக்கங்கள் ஒரேயடியாகப் போயின. மிக முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல வருடமாகத் தேடித் தேடிச் சேர்த்த பாட்டும் பாடமும் ஊர்க்கதையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. நமக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்க வேண்டியவை.

நீங்கள் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள்? கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.