கக்கூஸ் – சொல்லும் வரலாறும்

கக்கூஸ் என்பது கழிப்பிடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ஒரு பேச்சுவழக்குச் சொல் ஆகும். இது தமிழ்ச் சொல்லன்று. ஆங்கிலச் சொல்லும் அன்று. டச்சு மொழியில் 'கக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்று ஏறத்தாழ ஒலிக்கும் சொல்லுக்கு வீடு என்று பொருள். இரண்டும் சேர்ந்த கூட்டுச்சொல்லே நம் வாயில் 'கக்கூஸ்' ஆனது. குழந்தைகள் சொல்லும் 'கக்கா'வோடு ஆங்கில 'ஹவுஸ்' சேர்ந்தது என்று வகுப்பில் மாணவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வழி தவறு என்றாலும் விடைக்கு மிக அருகில் வந்துவிடுகிறார்கள்.

வந்த வழி

ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்கள் 1656-இல் கொழும்பையும், 1658-இல் யாழ்ப்பாணம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் ஆகியவற்றையும், 1663-இல் கொச்சியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். நாகப்பட்டினம் 1781-இல் ஆங்கிலேயர் வசமானது. தூத்துக்குடி இடையில் கைமாறி, 1825-இல் முடிவாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது.

இந்த ஊர்களின் வரிசையையும் இச்சொல் வழங்கும் இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். மலையாளத்தில் கக்கூஸ், சிங்களத்தில் கக்குஸ்ஸிய, இலங்கைத் தமிழில் கக்கூசு. டச்சுக்காரர் நெடுங்காலம் ஆண்ட இந்தோனேசியாவில் 'ககுஸ்'. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகளில் ஒரே சொல் ஒரே பொருளில் கிடக்கிறதென்றால், அதைக் கொண்டுபோய்ப் போட்டவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கன்னடத்தில் வழங்கும் 'கக்கசு' பக்கத்து மொழிகளிலிருந்து போயிருக்கலாம்.

டச்சு நமக்குத் தந்த சொற்கள் மிகச் சில. பம்பளிமாஸ் ஒன்று. துட்டு இன்னொன்று, அவர்களுடைய செப்புக்காசின் பெயர் அது. பேருந்து நிலையத்தில் 'கக்கூசுக்குத் துட்டு குடு' என்று பிள்ளை கேட்டால், அவ்வளவு சிறிய வாக்கியத்தில் இரண்டு டச்சுச் சொற்கள் இருக்கின்றன.

தூத்துக்குடியிலிருந்து எட்டையபுரம் வழியாக வடக்கே வந்தால் அருப்புக்கோட்டை. ஆனால் இச்சொல் டச்சுக்காரர் காலத்திலேயே வண்டியேறி இங்கு வந்தது என்று நான் கருதவில்லை. கட்டடம் வந்த பிறகுதான் பெயருக்குத் தேவை வந்திருக்கும். கட்டடம் ஆங்கிலேயர் கால நகராட்சிகளோடு வந்தது. இலங்கைக்குத் தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போய்த் திரும்பிய இராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் கருத்து.

அதற்கு முன் என்ன சொன்னோம்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களின் வழக்கைக் கவனித்தால் ஒன்று தெரியும். காட்டுக்குப் போறது, வெளிக்குப் போறது, கம்மாக்கரைக்குப் போறது, ஓடைப்பக்கம் ஒதுங்குறது: எல்லாம் செல்லும் திசையைச் சொல்கின்றனவே தவிர, ஓர் அறையைச் சொல்வதில்லை. இலக்கணத்தார் இதை இடக்கரடக்கல் என்பர். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. நன்னூல் தகுதி வழக்கில் மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு இதையும் வைக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் 'கால் கழுவி வந்தான்' என்பதை எடுத்துக்காட்டாகத் தரும். எங்கள் பக்கத்து மாணவருக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. வீட்டில் அன்றாடம் சொல்வதுதான்.

மறைக்க வந்த சொல்லும் நாளடைவில் நாறிப்போகும் என்பது இதில் இன்னொரு செய்தி. ஆங்கில 'லெட்ரின்' இலத்தீனில் கழுவுமிடத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'டாய்லெட்' பிரெஞ்சில் சிறு துணி. இன்று 'பாத்ரூம் போறேன்' என்கிறோம், குளிப்பதற்கில்லை. கக்கூஸ் மட்டும் பிறக்கும்போதே எதையும் மறைக்காத சொல். பொருள் தெரியாததால் நம்மவருக்கு அது நாகரிகமாகப் பட்டது.

எடுப்புக் கக்கூஸ்

வெட்டவெளியில் வெயிலும் பன்றியும் பார்த்துக்கொண்ட வேலையை, கட்டடம் வந்த பிறகு ஒரு மனிதர் செய்ய வேண்டியதாயிற்று. தண்ணீர் ஊற்றிப் போக்க வழியில்லாத, ஆள் வந்து அள்ளிச் செல்லும் கழிப்பிடம் எடுப்புக் கக்கூஸ் எனப்பட்டது. அள்ளும் வேலை குறிப்பிட்ட சில சாதியினர் தலையில் வைக்கப்பட்டது. தோட்டி என்பது முன்பு கிராம ஊழியர் ஒருவரின் பதவிப்பெயர்; அதுவும் வசைச்சொல்லாகிப் போனது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் மலையாளத்தில் எழுதிய 'தோட்டியின் மகன்' இந்த வாழ்க்கையைச் சொல்லும் நாவல். சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார்.

எடுப்புக் கழிப்பிடங்களைத் தடை செய்யும் சட்டம் 1993-இல் வந்தது. 2013-இல் மேலும் கடுமையான சட்டம் இயற்றப்பட்டது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023-இல் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். 2017-இல் திவ்யபாரதி இயக்கிய ஆவணப்படத்துக்குக் 'கக்கூஸ்' என்றே பெயர்.

வறண்ட நிலமும் பெண்களும்

தமிழ்நாட்டில் 2001-க்குப் பின் ஊராட்சிகளில் மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் வீட்டுக் கழிப்பறைக்கு மானியம் தந்தது. எங்கள் பக்கம் தண்ணீர்தான் தடை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு அலையும் பெண், ஒரு தடவைக்கு அரை வாளி ஊற்றுவதற்கு யோசிப்பாள். கட்டிய கழிப்பறையில் விறகும் பருத்திமாரும் அடுக்கியிருந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். சோம்பல் என்று அதிகாரிகள் எழுதுவார்கள். குடத்தைத் தூக்கிப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் சீமைக்கருவேல மறைவுக்குப் போனார்கள். இடைப்பட்ட பொழுதெல்லாம் அடக்கிக்கொண்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மாணவிகளுக்கான கழிப்பறைக் கதவு பல மாதம் பூட்டியே கிடந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மாலை வரை உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கவனக்குறைவு என்று நான் கண்டித்திருக்கிறேன். காரணம் பின்னால்தான் தெரிந்தது.

இன்றைய வழக்கு

பலகைகளில் இன்று 'கட்டணக் கழிப்பிடம்', 'பொதுக் கழிப்பறை', 'சுகாதார வளாகம்' என்று எழுதப்படுகிறது. இலங்கை அரசு வழக்கில் 'மலசலகூடம்'. இளையவர்கள் 'டாய்லெட்', 'ரெஸ்ட் ரூம்' என்கிறார்கள். கக்கூஸ் என்ற சொல்லை வீட்டுக்குள் சொன்னால் பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்கின்றனர். ஆனால் அதே வீட்டுக்கு அடைப்பு எடுக்க ஆள் கூப்பிடும்போது, 'கக்கூஸ் கழுவுறவரு நம்பர் இருக்கா?' என்றுதான் கேட்கிறார்கள்.