வறட்சியும் உரிமமும்: வட சென்னையில் ஆழ்துளைக் கிணற்று ஒப்பந்தத் தொழில்

மாதவரத்தை ஒட்டிய புழல் ஏரி 2019 கோடையில் வறண்டபோது போர்வெல் துளைப்போரின் தேவை பெருகியது. வறட்சியே இத்தொழிலின் அறுவடைக் காலம் எனலாம். ஆயினும் இதனைக் கட்டுப்படுத்திய நெறிமுறை வறட்சியிலிருந்து பிறக்கவில்லை.

மணலி ஆலைகளுக்கும் நகருக்குமாக மிகுதியாக நீர் இறைக்கப்பட்டமையால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது. இந்தப் பின்னணியில் இயற்றப்பட்ட சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம், 1987, கிணறு தோண்ட அனுமதியையும், நீர் எடுக்கவும் லாரியில் கொண்டுசெல்லவும் உரிமத்தையும் வேண்டியது. பொறுப்பு நில உரிமையாளர்மீதும் நீர் வணிகர்மீதும் விழுந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியுடன் வந்து, வேலை முடிந்ததும் வெளியேறும் ஒப்பந்தக்காரர் அதன் பார்வையில் பெரிதும் படவில்லை. மாநிலம் முழுமைக்குமான 2003-ஆம் ஆண்டுச் சட்டமோ நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது.

துளையிடும் நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்தாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. அதற்குக் காரணம் நீர்ப் பற்றாக்குறையன்று. கைவிடப்பட்ட குழிகளில் குழந்தைகள் விழுந்து இறந்தமையே. ஆகவே அவ்வாணை வேலியையும் மூடியையும் வலியுறுத்தியது. மீஞ்சூருக்கு முதன்மையான கேள்வியாகிய நிலத்தடி நீர் இருப்பு அதன் எல்லைக்குள் வரவில்லை.