சாந்தா கெர்த்ரூடிஸ்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கிங் பண்ணையில் உருவான கலப்பின இறைச்சி மாடு. எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், மூன்று பங்கு பிராமன். 1940இல் அமெரிக்க வேளாண்மைத் துறை இதைத் தனி இனமாக ஏற்றது. பிராமனின் மூதாதையர் ஓங்கோல், கிர் முதலிய இந்திய மாடுகள் என்பதால் வெயிலையும் உண்ணியையும் இது ஓரளவு தாங்கும். திருகோணமலை மாவட்டத்தின் வெருகல் போன்ற உலர்வலயப் பட்டிகளுக்கும் இது பொருந்தும் என்ற வாதம் இதிலிருந்தே எழுகிறது.

வெருகலில் உண்மையான தட்டுப்பாடு தீனிதான். மாரிக்காலப் பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் பட்டிகள் மேய்ச்சல்தரை தேடி நகரவேண்டும். அதே மாரியில் மகாவலியின் கிளையான வெருகலாறு பெருகித் தாழ்நிலத்தை மூழ்கடிக்கும். கோடையிலோ புல் காய்ந்து சத்திழக்கும். நாட்டு மாடு சிற்றுடல் கொண்டது, குறைந்த தீனியிலும் சினைப்பிடித்து ஈனும். வளர்ந்த சாந்தா கெர்த்ரூடிஸ் காளையோ 800 கிலோவைத் தாண்டும். அந்த உடலுக்கு இந்தப் புல் போதாது. காளையை மட்டும் கொண்டுவந்து கலந்தால் கன்றின் எடை கூடாதா என்று கேட்கலாம். கூடும், ஆனால் சிறிய பசுவுக்குப் பெரிய கன்றை ஈனுவது ஆபத்து, அதை வளர்க்கப் பாலும் எட்டாது. எல்லையிட்ட மேய்ச்சல்தரையும் சேமித்த தீவனமும் அமைந்த பிறகே இக்கலப்பை இங்கு முயல்வது நியாயம்.