சங்கிலி போச்சு, நடை வரணும்

1/ வல்லம் வடகால் சிப்காட்டில் 2024ல் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு திறந்தாங்க. அங்கே தங்குற இளம் வயசில்தான் மனச்சிதைவு நோயும் பெரும்பாலும் தலைகாட்டும். அதனால ஒரு சின்ன வரலாறு.

2/ 1952ல் குளோர்புரோமசின் வந்தது. காதில் கேட்ட குரல்கள் அடங்கின. பின்னால் வந்த ஓலான்சபின் போன்ற மாத்திரைகளில் பலருக்கு எடையும் சர்க்கரையும் ஏறுச்சு. இந்த நோயாளிகள் மற்றவர்களைவிட 10-20 ஆண்டு முன்னாடியே இறக்கிறாங்க. முக்கியக் காரணங்களில் ஒன்று இதயநோய்.

3/ 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தீப்பிடிச்சப்போ சங்கிலியில் இருந்தவங்களால ஓட முடியல. 28 பேர் பலி. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது.

4/ கட்டு அவிழ்ந்த கால் நடக்கணுமே! இன்னைக்கு நம்ம ஃபோனே அடியை எண்ணுது. 10,000 அடியான்னு பயப்படாதீங்க. அது 1965ல் ஜப்பானில் விற்ற ஒரு கருவியின் பெயர். மருத்துவ விதி இல்லை.

5/ இந்த நோய் ஆர்வத்தையே தின்னுடும், சோம்பேறின்னு திட்டாதீங்க. வெறும் ஆப் போதாது, கூட நீங்க நடங்க. நேத்து 800 அடின்னா இன்னைக்கு 1,000. எடை ஏறுதா? மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. உதவிக்கு டெலிமானஸ்: 14416.