ஆற்றோரம் ஒரு வரலாற்றுப் பாடம்



சிங்கப்பூரில் தமிழர் வரலாறு எங்கே தொடங்கியது என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் ஒரே குரலில் "தேக்கா" என்கின்றனர். தேக்கா வளர்ந்தது பின்னாளில்தான். முதலில் வந்தோர் கால்வைத்ததும் பிழைத்ததும் சிங்கப்பூர் ஆற்றங்கரையில். அதனை உணர்த்தவே, நடந்தோ மிதிவண்டியிலோ செல்லத்தக்க ஒரு வழித்தடத்தை வகுத்துள்ளேன். ஆற்றின் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் என்பதால் தொடக்கநிலை மாணவர்க்கும் இது இயலும்.

தொடக்கம், ஆற்றுமுகம். எவராலும் படித்தறியப்படாத எழுத்துகள் பொறித்த பெரும்பாறை ஒன்று இங்கிருந்தது. ஆற்றுமுகத்தை அகலப்படுத்த 1843இல் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. காக்கத் தவறினால் வரலாறு என்னாகும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

அடுத்தது கேவனா பாலம். 1869ஆம் ஆண்டளவில் எழுந்த இப்பாலம், இந்தியக் கைதிகளின் உழைப்பால் அமைந்த கடைசிப் பெரும்பணிகளுள் ஒன்று. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டோர் 1825 முதல் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டினர். குதிரைகளும் மாடுகளும் செல்லலாகாது என்னும் பழைய அறிவிப்புப் பலகை இன்றும் பாலத்தில் உண்டு. இது நடப்போர்க்குரிய பாலமாதலின், மிதிவண்டியைவிட்டு இறங்கித் தள்ளிச் செல்லப் பிள்ளைகளைப் பழக்குக.

பாலம் கடந்தால் ஆசிய நாகரிக அரும்பொருளகம். அதனருகே செட்டியாரையும் இன்றைய நிதித்துறையினரையும் ஒருங்கே காட்டும் சிலைத் தொகுதி உள்ளது. ஆற்றின் மறுகரையில், மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் பெட்டியடி முன் அமர்ந்து நகரத்தார் கடன் வழங்கினர். அக்கிட்டங்கிகள் 1970களின் நகரச் சீரமைப்பில் மறைந்தன. பக்கத்திலுள்ள சூலியா ஸ்திரீட், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொடக்கக் காலப் படகோட்டிகளுள் அவர்கள் பலர்.

எல்ஜின் பாலத்தில் மிதிவண்டிகளை நிறுத்திவிட்டு, சவுத் பிரிட்ஜ் சாலையில் சற்று நடக்கலாம். 1826இல் நிறுவப்பட்ட ஜாமியா சூலியா பள்ளிவாசலும், 1827இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவிலும் அண்டை அயலாக நிற்கின்றன. கோவிலுக்கு வித்திட்ட நாராயண பிள்ளை, 1819இல் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவர். செங்கல் சூளை நடத்தியவர்.

மீண்டும் ஆற்றோரமாகச் சென்றால், 1859இல் நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோவிலில், டேங்க் சாலையில், பயணம் நிறைவுறும். தைப்பூச ஊர்வலம் முடியும் இடமும் அதுவே.

வழித்தடம் அமைப்பதில் நான் கடைப்பிடித்த விதி எளியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் விளக்கம் சுருக்கமாகவும், வினா ஒன்றாகவும் இருக்க வேண்டும். "இதனைக் கட்டியவர் யார்? அவர் பெயர் இங்கு எழுதப்பட்டுள்ளதா?" என்று கேளுங்கள். பாலத்திற்கு ஆளுநரின் பெயர் உண்டு. இரும்பைத் தூக்கி நிறுத்திய கைதியின் பெயர் இல்லை. பிள்ளைகள் இதனைத் தாமே கண்டுகொள்வர்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1977இல் தொடங்கிய பத்தாண்டுத் தூய்மைப் பணியால்தான் இந்த ஆறு நாற்றம் நீங்கியது. கரையில் நடப்பது இன்பமாயிற்று. அதே பணிக்காக 1983இல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. ஆறு அழகு பெற்றது. ஆற்றை நம்பி வாழ்ந்தோர் இடம்பெயர்ந்தனர். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருசேர எண்ணிப்பார்க்கக் கற்பதே வரலாற்றுக் கல்வி.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். தண்ணீர்ப் புட்டியும் குடையும் மறவாதீர். இந்நாட்டில் தம் முன்னோர் பாடுபட்ட மண்ணை ஒரு பிள்ளை தன் காலால் மிதித்தறிந்தால், பாடநூலில் உள்ள வரிகள் அதற்குச் சொந்தமாகும்.