ஐப்பசிச் சேலை

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஐப்பசியில் வந்து சேரும் புதுச்சேலை, பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கச்சா எண்ணெயாகக் கிடந்தது. எண்ணெயிலிருந்து பிரித்த இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்துச் சூடேற்றினால் பொலியெஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். உருக்கிய பொலியெஸ்டரைச் சின்னஞ்சிறு துளைகள் வழியே பீய்ச்சி ஆறவிட்டால் நூல் வரும். 2023இல் உலகம் உற்பத்தி செய்த 12.4 கோடி டன் இழையில் 57 வீதம் இதுதான். சோடாப் போத்தலும் தீபாவளிச் சேலையும் ஒரே பொருள்.

நூல் சேலையாவது பெரும்பாலும் சூரத்தில். அங்கே விசைத்தறியில் நிற்பவர்களில் மிகப் பலர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். காது அடைக்கும் இரைச்சலில் 12 மணி நேரம் நின்று, மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். கிலோ கணக்கில் கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் ஒருத்திக்கான சேலையை நெய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இவளுக்கும் அவர்களைத் தெரியாது.

கப்பலில் கொழும்பு, மூட்டையாகப் புறக்கோட்டை மொத்தக் கடை, அங்கிருந்து லொறி. தேயிலையைக் கீழே கொண்டுபோகவென்று மலையேறிய ரயில் பாதை 1924இல் பதுளையில் வந்து முடிந்தது. சேலை அதே மலையை இப்போது லொறியில் ஏறுகிறது. பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பதுளையிலும் பசறையிலும் கடை வாசல் முழுக்கச் சேலை தொங்கும். அதை வாங்கும் பணம் இன்னும் உழைக்கப்படாத பணம்.

அதற்குப் பெயர் தீபாவளி அட்வான்ஸ். பல ஆண்டுகள் அது 10,000 ரூபாயாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டித் தரச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கும். கையில் வந்த நாள் சந்தோஷம். பிறகு சம்பளத்தில் தவணை தவணையாகப் பிடிப்பார்கள். ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணம் கொடுத்துத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிய காலத்தில், ஒரு தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு இருந்தது. புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் அவர் இடம் மாற முடியும். அந்த முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. இன்றைய அட்வான்ஸைத் துண்டோடு ஒன்றாக வைப்பது அநியாயம். இது கேட்டு வாங்கும் உரிமை, வட்டிக்காரனிடம் போவதைத் தடுக்கிறது. ஆனால் நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு நல்ல நாளைக் கொண்டாட முன்பணம் வேண்டியிருக்கிறதென்றால், பழுது சம்பளத்தில் இருக்கிறது.

2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350. சேலை 2,700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூலியில் அது இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் முழுச் சம்பளம். ஒரு பேர் விழுவதற்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்றாலும் ஒரு சேலைக்கு 36 கிலோ பச்சைக் கொழுந்து பறிக்க வேண்டும். அது வாடி, அரைபட்டு, காய்ந்து வரும்போது ஏறக்குறைய எட்டுக் கிலோ தேயிலை. சேலையின் எடையோ அரைக் கிலோ கூட இராது. இதற்கு மேல் பிள்ளைகளுக்கு உடுப்பு, மாமியாருக்குச் சேலை, மகளுக்குத் தலைத்தீபாவளி என்றால் மருமகனுக்கும் அவர் வீட்டாருக்கும் வரிசை.

லயத்தில் எதையும் மறைக்க முடியாது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். "அம்மா, பக்கத்துக் காம்பராவுல எல்லாருக்கும் எடுத்துட்டாங்க" என்று பிள்ளை சொல்வது கோள் இல்லை, கண்ட உண்மை. அதைக் கேட்ட தகப்பன் கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் கடன் சொல்கிறார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகள், தன் வாடகையைப் பிந்தி வைத்துவிட்டு வீட்டுக்கு ஆளுக்கொரு பொதி சுமந்து வருகிறாள். வெறுங்கையோடு இறங்க வெட்கப்பட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லி வராமலே இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. பரிசு கொடுக்க முடியாததால் ஒரு மகன் தாயைப் பார்க்காமல் போவதைவிட அந்தப் பரிசுக்கு வேறு என்ன கேடு வேண்டும்?

ஆனாலும் வருஷம் முழுக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்பவளிடம், உனக்குப் புதுச்சேலை எதற்கு என்று கேட்கும் தகுதி யாருக்கும் இல்லை. ஒரு நாளாவது வேலைக்கென்று இல்லாமல் தனக்கென்று உடுத்துகிறாள். நான் குறைசொல்வது அந்த ஒரு சேலையை அல்ல. ஒன்று போதும் என்றிருந்த இடத்தில், மலிவு என்பதால் மூன்றாகி, அடுத்த ஐப்பசிக்குள் நைந்துபோகும் மூன்றை.

நைவது துணி துவைக்கும் பீலிக்கரையில் தொடங்குகிறது. 2016இல் பிளைமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆறு கிலோ பொலியெஸ்டர் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் ஏறத்தாழ ஐந்து லட்சம் இழைத்துணுக்குகள் உதிரலாம் என்று கணக்கிட்டார்கள். கல்லில் அடித்துத் துவைக்கும் சேலையும் உதிராமல் இருக்காது. பீலித் தண்ணீர் கானில் இறங்கும், கான் ஓடையில் சேரும். மாணிக்க கங்கை பிறப்பது இந்த நமுனுகுல மலைத்தொடரில்தான். கதிர்காமத்தில் பக்தர்கள் முழுகி எழும் அதே ஆறு, யால காட்டைக் கடந்து கடலுக்குப் போகிறது.

சாயம் மங்கிய சேலை கொழுந்து மலைக்குப் போகும், பிறகு தொட்டிலாகும், காம்பராவை இரண்டாகத் தடுக்கும் திரையாகும், கடைசியில் மரக்கறித் தோட்டத்து வேலியாகும். அப்பாயிகளின் பருத்தி நூல்சேலையும் இதே வழியில்தான் போனது. கடைசிக் கந்தல் மண்ணில் கிடந்து சில மாதத்தில் மண்ணாகிவிடும். பொலியெஸ்டர் கிழியும், மக்காது. வெயிலில் பொடிந்து, அவரைக்கொடியின் அடியிலேயே இழை இழையாகக் கிடக்கும். எரித்தாலோ உருகிச் சொட்டும், கரும்புகை லயத்துக்குள்தான் திரும்பி வரும்.

எரிக்காமல் வேறென்ன செய்வது? குப்பை எடுக்க வேண்டியது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. வாக்குப் போட்டவர்களின் வாசலுக்கு ரோட்டுப் போடவும் குப்பை எடுக்கவும் சபைக்குக் கைகட்டு. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இப்போது சட்டம் தடுக்கவில்லை. தொழிற்சங்கங்கள் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்கும் அதே கடிதத்தில், லயத்துக்குக் குப்பை டிராக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். அட்வான்ஸ் இல்லாமலே ஒரு நல்ல பருத்திச் சேலை வாங்கும் அளவுக்குச் சம்பளம் வேண்டும் என்பதை, அதற்கு மேலே முதல் வரியாக எழுதலாம்.